புழுத்தூள் தின்ற சேவல்கள்

வேலாங்குளம்
05.03.2025

அண்ணனுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் அது பொய். உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையிலும் நான் இல்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம நெடுங்கரைக் கருப்பன் கோயிலில் சூடத்தைக் கையால் அணைத்து நான் செய்த சத்தியம் அப்படியே இருக்கிறது. நீ சொன்ன சொல்லை, சொன்ன அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் திருப்பி எடுக்கிற வரைக்கும் உன்னோடு ஒரு பேச்சு கிடையாது. போனில் பேசினாலும் பேச்சுதான். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் நீ உடனே வாய்ஸ் மெசேஜ் போடுவாய், நான் ஆத்திரத்தில் பதில் போட்டுவிடுவேன். கடிதம் எழுத மாட்டேன் என்று மட்டும் நான் சத்தியம் செய்யவில்லை. இது ஓட்டை என்றால் ஓட்டைதான், சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

சிவராத்திரிக்கு மறுநாள் பந்திக்கு நான் ஆசையாக ஆறு சேவல் கொண்டுவந்தேன். நம் நெடுங்கரைப் பங்காளிகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, நீ எழுந்து நின்று என்ன சொன்னாய்? "இது புழு தின்ன கோழி. சாமிக்கும் ஆகாது, மனுசனுக்கும் ஆகாது. கொண்டுட்டுப் போகச் சொல்லுங்க." என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவனிடம் சொன்னாய்.

அதன் பலனைக் கேள். திருச்சுழி மெஸ்காரர் போன வாரம் முதல் என்னிடம் கோழி வாங்குவதில்லை. "ஒங்க அண்ணன் தீவனக் கடை வச்சிருக்காரு. அவரே ஆகாதுன்னா நான் என்னம்மா செய்ய?" என்கிறார். வேலாங்குளத்தில் முட்டைக்குக்கூட ஆள் வரவில்லை. வீரசோழன் ஊர்க் கறிக்கடை பாய் ஒருவர்தான் வாரம் பத்து உருப்படி எடுக்கிறார். "ஒங்க கோயில் பஞ்சாயத்து ஒங்களோட, எனக்குக் கறி நல்லாருக்கு" என்று சொன்னார். அவர் இருக்கிற தெம்பில் முந்நூறு கோழியை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

உங்க மாப்பிள்ளை, "வித்துட்டு திருப்பூருக்குப் போயிருவோம்" என்கிறார். நான் போக மாட்டேன். இந்தக் கொட்டகை நான் கல் சுமந்து போட்டது.

நீ வந்து எட்டிக்கூடப் பார்க்காத விஷயத்தை இங்கே எழுதுகிறேன். அது குளவி மாதிரி இருக்கிற கருப்பு ஈ. வீட்டு ஈ போலச் சோற்றில் உட்காராது, கடிக்காது. அதன் புழு காய்கறிக் கழிவையும் மிச்சச் சோற்றையும் தின்று பதினைந்து நாளில் விரல் நுனி அளவு கொழுக்கும். அதை வெந்நீரில் போட்டு, நம்ம ஊர் வெயிலில் இரண்டு நாள் காயவைத்து இடித்தால் தூள். மக்காச்சோளம், கம்பு, தவிட்டோடு நூற்றுக்குப் பத்து பங்கு கலந்தால் போதும். நீ மூட்டை மூட்டையாக விற்கிற கருவாட்டுத் தூள் செய்கிற வேலையை இது செய்யும்.

மனசு கொதிக்கிறது. இதற்கு மேல் எழுதவில்லை.

சுகந்தி


அருப்புக்கோட்டை
14.03.2025

தங்கை சுகந்திக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் கடையில் நாலு வாடிக்கையாளர் இருக்கும்போது கொடுத்தார். பேங்க் நோட்டீஸ் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பதினெட்டு வருடமாகக் கோழித் தீவனம் விற்கிறேன். எந்தத் தீவனம் எத்தனை நாளில் எவ்வளவு எடை தரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எனக்கு நீ ஈ பாடம் நடத்த வேண்டாம். நாலு நாள் பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கினால் எல்லாம் தெரிந்துவிடுமா?

நான் சொன்னதில் தப்பு இல்லை. ஜனங்கள் எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட, அது எதைச் சாப்பிட்டது என்று யோசிக்கிற காலம் இது. புழு என்ற சொல்லைக் கேட்டாலே இலையை மடிப்பார்கள். சாமி காரியத்தில் நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. பங்காளிகளில் மூத்த தலைக்கட்டு நான். கண்டிக்க வேண்டியது என் கடமை.

மாப்பிள்ளை சொல்வதைக் கேள். இல்லையென்றால் கோழியை வைத்துக்கொள், புழுவை விடு. கருவாட்டுத் தூள் நான் தருகிறேன், தவணையில் கொடு.

உன் மதினி அனுசியா விசாரித்தாள். அவளுக்கும் என் மேல் கோபம். மூன்று நாளாகக் குழம்பில் உப்பு கூடுகிறது.

இப்படிக்கு
பாண்டிராஜ்


வேலாங்குளம்
10.04.2025

அண்ணனுக்கு,

உன் கருவாட்டுத் தூளை நீயே வைத்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன். பத்தாவது படிக்கும்போது நீ ஒரு கட்டுச்சேவல் வளர்த்தாய். ஓட்டைச் சட்டியில் சாணியும் சோளத்தட்டையும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கண்மாய்க்கரையில் கவிழ்த்து வைப்பாய். விடிந்து எடுத்தால் சட்டி நிறையக் கரையான். அதைத் தின்றுதான் உன் சேவல் கீழத்தெருச் சேவலை ஓடவிட்டது. அப்போது கரையான் பூச்சி இல்லையா? உன் பூச்சி வீரம், என் பூச்சி அசிங்கமா? கோழி என்றைக்குடா இலை போட்டுச் சாப்பிட்டது?

எழுதிவிட்டேன். "டா" போட்டதை அடிக்க மனசு வரவில்லை, இருக்கட்டும்.

நீ சந்தோஷப்படுகிற செய்தியும் ஒன்று இருக்கிறது. என் புழு சாகிறது. பத்து நாளாக எதுவும் சரியில்லை. தட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது, தின்னவே இல்லை. அரிசி அளவிலேயே நின்றுவிட்டது, தொட்டால் சுருண்டு கிடக்கிறது. வலைக் கூண்டுக்குள் ஈக்களும் முட்டை வைக்கவில்லை. பயிற்சி கொடுத்த சாருக்குப் போன் போட்டேன், "வெயிலா இருக்கும், நிழல் பண்ணுங்க" என்றார். ஓலை வேய்ந்தேன், சாக்கு நனைத்துப் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டினதிலிருந்து நான் எதிலும் குறை வைக்கவில்லை. கொட்டகையைச் சுற்றி மஞ்சள்தண்ணி தெளித்தேன். வாசலில், கூண்டில், எல்லா இடத்திலும் வேப்பிலை கட்டினேன். நீ வைத்த கண்ணு போகட்டும் என்று ஒவ்வொரு புழுத் தட்டிலும் ஒரு கை வேப்பிலையை உருவிப் போட்டுக் கும்பிட்டேன். தினமும் புது இலை. அப்படியும் ஆத்தா கண் திறக்கவில்லை.

இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். தேறவில்லையென்றால் கோழியைக் கொடுத்துவிட்டுத் திருப்பூர் பஸ்ஸு ஏற வேண்டியதுதான். நீ ஜெயித்தாய் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. அதைத் தாங்க முடியாது.

சுகந்தி


அருப்புக்கோட்டை
12.04.2025
ஸ்பீடு போஸ்ட்

அடி கூறுகெட்டவளே,

வேப்பிலையை எடு!

கடையில் மக்காச்சோள மூட்டைக்கு வண்டு வராமல் இருக்க நான் என்ன போடுகிறேன்? காய்ந்த வேப்பிலை. நம் அய்யா குலுக்கைத் தானியத்துக்கு என்ன போட்டார்? வேப்பிலை. வண்டு வராத இடத்தில் உன் புழு மட்டும் குடித்தனம் நடத்துமா? பூச்சி வளர்க்கிறவள் பூச்சிக்கொல்லியைக் கும்பிட்டுத் தட்டில் போட்டிருக்கிறாய். ஆத்தா என்ன செய்வாள் பாவம்!

தட்டில் இருப்பதையெல்லாம் கொட்டிப் புதை. தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவு. கூண்டைச் சுற்றி ஒரு இலைகூட இருக்கக் கூடாது. சாமிக்கு வேப்பிலை கட்ட வேண்டுமென்றால் வீட்டு நிலையில் கட்டு. புது முட்டைக்குப் பயிற்சி சாரிடம் கேள்.

இது உதவி இல்லை. பூச்சியைப் பற்றி ஒரு வியாபாரிக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என் கருத்தில் மாற்றம் இல்லை.

பாண்டிராஜ்

பி.கு: நான் கண்ணு வைக்கவில்லை.


வேலாங்குளம்
20.07.2025

அண்ணனுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. வேலை அப்படி. அத்தோடு வெட்கம்.

வேப்பிலைதான். எடுத்தேன், கழுவினேன், புது முட்டை வாங்கிவந்து போட்டேன். பதினேழாம் நாள் தட்டு சலசலவென்று கொதிக்கிற உலை மாதிரிச் சத்தம் போட்டது, அத்தனை தீனி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பயிற்சி சார் இதைக் கேட்டு, இனிமேல் வகுப்பில் சொல்வேன் என்று குறித்துக்கொண்டார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். "ஒரு தீவன வியாபாரி" என்றேன்.

இப்போது கேள். சித்திரையில் பொரித்த குஞ்சுகள் இவை. முன்னால் நாலு மாதத்துக்கு ஒரு கிலோ நூறு வந்த சேவல், இப்போது மூன்று மாதத்தில் ஒன்றே கால் கிலோ நிற்கிறது. இறகு எண்ணெய் தடவியது போல மினுங்குகிறது. முட்டை உடைத்தால் கரு ஆரஞ்சு நிறம். வீரசோழன் பாய் வாரம் இருபத்தைந்து கேட்கிறார். நம்ம வறக்காட்டு வெயிலை எல்லாரும் திட்டுவார்கள். எனக்கு அதுதான் மூலதனம். காலையில் பரப்பிய புழு மறுநாள் சாயங்காலம் அப்பளம் போல நொறுங்குகிறது.

உங்க மாப்பிள்ளை திருப்பூர் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் ஊர் இன்னும் விடவில்லை. திருச்சுழி ஹோட்டல்களில் மிச்சம் எடுக்கப் போனால் "புழுக்காரி வந்துட்டா" என்கிறார்கள். பாய் கடைக்குப் போகிற கோழி நம்ம ஊர் இலைக்கு வரவில்லை.

அதற்குக் காரணம் உன் ஒரு சொல். வேப்பிலைக்கு நன்றி. சொல்லுக்கு இன்னும் கணக்குத் தீரவில்லை.

உண்மையைச் சொல். உன் மனசில் வேறு என்னவோ இருக்கிறது. பூச்சியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன் கோழி பூச்சி தின்னும் என்று தெரியாமல் பேசியிருக்க மாட்டான்.

சுகந்தி


அருப்புக்கோட்டை
28.09.2025

சுகந்திக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

போன மாதம் ஒரு லோடு கருவாட்டுத் தூள் இறக்கினேன். வழக்கமான ஆளிடம் சரக்கு இல்லை. புது ஆள், விலை குறைவு. நாக்கில் தொட்டுக்கூடப் பார்க்காமல் மூட்டையைப் பிரித்து விற்றுவிட்டேன். பதினெட்டு வருட வியாபாரி! எடை கூட்ட உப்பை அள்ளிக் கலந்திருக்கிறான்.

பந்தல்குடிப் பக்கம் வீரபத்திரன் என்று என் பழைய வாடிக்கை. அறுநூறு குஞ்சு விட்டிருந்தார். குஞ்சுகள் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லையாம். குடித்துக் குடித்து, பீச்சிப் பீச்சி, நாலு நாளில் நானூறு போய்விட்டது. செத்த குஞ்சுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டுவந்து கடை வாசலில் வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. குஞ்சுக்குப் பதில் குஞ்சு வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் கடைக்குள் ஆள் வருவது குறைந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். போன வருடம் தை மாதம், திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். ஹோட்டல் பின்வாசலில் எச்சில் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். சேலையில் சிந்தியிருந்தது. நான் பஸ்ஸுக்குள் குனிந்துகொண்டேன்.

நம்ம ஆத்தா கருத்தம்மா இருபத்தெட்டு வருடம் அடுத்தவன் தொழுவத்தில் சாணி அள்ளினாள். அவுக வீட்டுப் புழக்கடையில் நின்று பழையசோறு வாங்கிவந்தாள். அதிலிருந்து ஏறி வந்து, டவுனில் கடை போட்டு, "பாண்டிராஜ் அண்ணாச்சி" என்று நாலு பேர் கூப்பிடுகிற இடத்துக்கு வந்திருக்கிறேன். நீ திரும்ப வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். எனக்குத் தாங்கவில்லை. அந்த ஆத்திரம்தான் கோயிலில் கோழி மேல் விழுந்தது. சாமியும் இல்லை, புழுவும் இல்லை.

எழுதிவிட்டேன். இப்போது வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். வீரபத்திரனின் புதுக் குஞ்சுகளுக்கு உப்பில்லாத, கலப்படமில்லாத தூள் வேண்டும். எனக்கு வெளிச் சரக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லை. உன்னிடம் இரண்டு மூட்டை இருக்குமா?

பாண்டிராஜ்


வேலாங்குளம்
05.10.2025

அண்ணே,

மூன்று மூட்டை மினி பஸ்ஸில் ஏற்றியிருக்கிறேன். கண்டக்டர் ராஜகுருவிடம் வாங்கிக்கொள். அருப்புக்கோட்டை போகிற வரை அதன் மேல் யாரையும் உட்காரவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். வீரபத்திரன் அண்ணாச்சியிடம் என்ன தூள் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். மறைத்துக் கொடுத்தால் நான்காவது மூட்டை கிடையாது.

உன் கடிதத்தை அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். பஸ்ஸுக்குள் குனிந்தாயா? என்னிடம் வந்து சண்டை போட்டிருக்கலாமே அண்ணே. குனிந்தாய் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

ஆத்தா சாணி அள்ளியது எனக்கும் தெரியும். நானும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தப் புழக்கடையில் நின்றவள்தான். ஆனால் அவள் அள்ளியதெல்லாம் அடுத்தவன் வயலுக்குப் போனது. நான் அள்ளுவது என் கொட்டகைக்கு வருகிறது. அவளை "ஏ கருத்தா" என்று கூப்பிட்டார்கள். என்னிடம் ஹோட்டல்காரன் "நாளைக்கு எத்தனை மணிக்கு வாரீக?" என்று கேட்கிறான், நான் வராவிட்டால் அவனுக்கு நாறும். இரண்டும் ஒரே வாளியா? நீயே சொல்.

இப்போது என் நிபந்தனை. மாசியில் சிவராத்திரி வருகிறது. மறுநாள் பந்திக்குச் சேவல் நான் தருகிறேன், எத்தனை வேண்டுமானாலும். நீ அதே இடத்தில் நின்று சொல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகு சொல்லி எல்லாரையும் அசத்தலாம் என்று நினைக்காதே. அது ஏமாற்று வேலை. இலை போடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். வேண்டாம் என்கிறவர்கள் எழுந்து போகட்டும். எழுந்து போனாலும் பரவாயில்லை, நீ சொன்னாய் என்பது போதும்.

சுகந்தி


அருப்புக்கோட்டை
06.02.2026

அன்புத் தங்கைக்கு,

வீரபத்திரன் நேற்றுக் கடைக்கு வந்தார். அறுநூறில் தவறியது பதினொன்றுதான். தராசை என் கல்லாவுக்கு முன்னால் வைத்து, கொண்டுவந்த சேவலை நிறுத்துக் காட்டினார். ஒரு கிலோ நானூறு! "பாண்டி, இந்தத் தூளை இனிமே ஒன் கடையில வைக்கலைன்னா நான் வேற கடை பாத்துக்கிருவேன்" என்றார். போன மாதம் வரை திரும்பிப் பார்க்காத மூன்று பேர் அங்கே நின்று கேட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, உனக்காகத்தான்.

அப்புறம் ஒன்று. திங்கட்கிழமை முதல் புது பஸ் ஸ்டாண்டு இரண்டு ஹோட்டலில் காய்கறிக் கழிவை நான் எடுக்கிறேன். என் டி.வி.எஸ்ஸில்தான். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பார்த்து, "என்ன அண்ணாச்சி?" என்றார். "தீவனம் சார்" என்றேன். வானம் இடிந்து விழவில்லை.

பந்தியைப் பற்றிப் பங்காளிகளிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். முகம் சுளிக்கிறார்கள். ராக்கம்மா பெரியம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. அவுக எழுந்தால் பாதிப் பந்தி எழுந்துவிடும். முன்னாலேயே சொல் என்கிறாய். எனக்குப் பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் சொல்வேன்.

பதினெட்டுச் சேவல் வேண்டும். நீயும் வா. நீ பக்கத்தில் நின்றால் எனக்குத் தைரியம்.

பாண்டிராஜ்


வேலாங்குளம்
10.02.2026

அண்ணே,

பதினெட்டுச் சேவலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேரும். நான் வரவில்லை. போன வருடம் தலை குனிந்து திரும்பிய பாதையில், நீ சொல்வாயா மாட்டாயா என்று பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பு இல்லை. ஒரு வேளை நீ வாய் திறக்காவிட்டால், அதை நான் நேரில் பார்க்காமல் இருப்பதே நல்லது. நீ ஒற்றையாகவே நின்று சொல். அன்றைக்கும் நீ ஒற்றையாகத்தான் சொன்னாய்.

சுகந்தி


வேலாங்குளம்
17.02.2026

என் அருமை அண்ணனுக்கு,

நேற்றுச் சாயங்காலம் நீ போன் பண்ணினாய். நானும் எடுத்தேன். சத்தியம் முடிந்துவிட்டது, பேசலாம், ஆனால் பேச்சு வரவில்லை. மூன்று நிமிடம் இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டோம். அதனால் இதை எழுதிவிடுகிறேன்.

நான் வராவிட்டாலும் எல்லாம் கேட்டேன். மைக்செட்காரனிடம் சொல்லி ஒரு ஸ்பீக்கர் குழாயை எங்கள் ஊர்ப் பக்கமாகத் திருப்பிக் கட்ட வைத்தாயாமே, மதினி சொன்னாள். நெடுங்கரைக்கும் எங்களுக்கும் நடுவில் காய்ந்த கண்மாயும் கருவேலங்காடும்தானே? ஒரு சொல் சிந்தாமல் வந்து சேர்ந்தது.

நேற்று உச்சி வெயிலில் கொட்டகையில் தீவனம் கலந்துகொண்டிருந்தேன். பாட்டு நின்றது. நீ தொண்டையைச் செருமினாய். "எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க" என்றாய். கையில் இருந்த தூள் கீழே கொட்டிவிட்டது.

"இன்னைக்குப் பந்திக்கு வெட்டுன பதினெட்டுச் சேவலும் புழுத்தூள் தின்னு வளந்தது. போன வருசம் இதே எடத்துல, இது சாமிக்கும் ஆகாது மனுசனுக்கும் ஆகாதுன்னு நான் சொன்னேன். அது தப்பு. தெரிஞ்சே சொன்ன தப்பு. கருப்பன் முன்னால அதைத் திருப்பி எடுத்துக்கிறேன். இந்தச் சேவலைச் சாமிக்குப் படைச்சாச்சு. வேண்டாங்கிறவுகளுக்குச் சாம்பார் வச்சிருக்கு, சங்கடப்பட வேண்டாம்." அப்புறம், "சேவல் உபயம், கருத்தம்மா மக சுகந்தி" என்றாய்.

அண்ணே, நம் கோயில் மைக்கில் இதுவரை ஒரு பொம்பளை பெயர் வந்ததில்லை. உன் பெயர் வரும், உங்க மாப்பிள்ளை பெயர் அவுக கோயிலில் வரும். நீ என் பெயரைச் சொன்னாய். ஆத்தா பெயரையும் சேர்த்துச் சொன்னாய். "ஏ கருத்தா" என்று கூப்பிட்ட ஊரெல்லாம் கேட்கிற மாதிரிக் குழாயில் சொன்னாய்.

அப்புறம் மைக் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போகிறார்கள் என்றே நினைத்தேன். அப்போது மைக்குப் பக்கத்திலேயே ராக்கம்மா பெரியம்மா குரல்: "ஏலே பாண்டி, ஒன் பாவத்தையெல்லாம் கழுவி முடிச்சிட்டயா? எலையப் போடுறா, பசி உசுரு போகுது!"

ஊரே சிரித்தது குழாயில் கேட்டது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஒரு வருடத்து அழுகை. பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய் ஓடிவந்தாள். "ஒண்ணுமில்லக்கா, எங்க அண்ணன் பேசுறாரு" என்றேன்.

இரண்டு மணிக்கு மதினி ஆட்டோவில் வந்து இறங்கினாள். மூன்றாம் பந்திக்குக் குழம்பு இல்லை, இன்னும் ஆறு சேவல் பிடி என்றாள். பத்து பிடித்துக் கொடுத்தேன். திருச்சுழி மெஸ்காரர் இன்று காலையில் அவராகவே வந்து முன்பணம் நீட்டினார். உடனே வாங்கவில்லை. கொஞ்சம் நிற்கவைத்துவிட்டுத்தான் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை கடைக்கு வாரேன். தூள் மூட்டையோடுதான். போர்டில் என்ன எழுதலாம் என்று யோசித்து வை. "புழுத்தூள்" என்றே எழுது, பூசி மெழுகாதே.

அப்புறம், நீ சங்கடப்படுகிறவர்களுக்கு வைத்த சாம்பார் அண்டாவை ஒருத்தரும் தொடவில்லையாம், மூடி திறக்காமல் அப்படியே கிடக்கிறதாம். ஊசிப்போனாலும் கொட்டிவிடாதே. அண்டாவோடு இங்கே அனுப்பு. என் புழுவுக்கு ஆகும்.

உன் தங்கை
சுகந்தி